மாணவர் பாடல் காணொளிக்கு ஆல்பம் உறையும் ஒளிப்படங்களும்: திட்டமிடும் முறை

பெரும்பாலான மாணவர் குழுக்கள் பாடல் காணொளியைப் படமாக்கி, எடிட்டிங்கையும் முடித்துவிட்டு, ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கும்போதுதான் ஆல்பம் உறையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகின்றன. அப்போது கையில் காணொளி மட்டுமே இருப்பதால், அதில் நன்றாகத் தெரியும் ஒரு ஃப்ரேமைப் பிடித்து, மேலே பாடகரின் பெயரையும் கீழே பாடலின் பெயரையும் எழுதி முன்னட்டை ஆக்கிவிடுகிறார்கள். உழைத்து எடுத்த ஒரு காணொளிக்கு இப்படி அவசரத்தில் ஓர் உறை அமைவது எனக்கு எப்போதுமே வருத்தம் தருவது. உறையை முதலில் காகிதத்தில் திட்டமிட்டு, அதற்குத் தேவையான ஒளிப்படங்களைப் படப்பிடிப்பு அட்டவணைக்குள்ளேயே சேர்த்துவிட்டால் இந்த நிலையை முழுவதுமாகத் தவிர்க்கலாம். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

காணொளி ஃப்ரேம் அச்சுக்கு ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். முழு எச்டி காணொளியின் ஒரு ஃப்ரேம் 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்டது. அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் 1080 பிக்சல் என்பது ஏறத்தாழ 91 மி.மீ. மட்டுமே. குறுந்தகட்டுப் பெட்டியின் முன்பக்கத் தாளோ 120 மி.மீ. சதுரம்; சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமலிருக்க விடும் கூடுதல் பரப்பு) சேர்த்தால் 126 மி.மீ., அதாவது 1488 பிக்சல் வேண்டும். 4கே காணொளியில் பிக்சல் போதுமானதாக இருந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. வினாடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி பதியும் நேரம், பொதுவாக 1/50 வினாடியாக இருக்கும். அசையும் கையும் திரும்பும் முகமும் அந்த வேகத்தில் இழுபட்டே பதியும். ஓடும் காட்சியில் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் அந்த இழுப்பு, நின்ற படத்தில் குறையாகத் தெரியும். போதாததற்கு, காணொளிக் கோப்பு சுருக்கப்படும்போது நிறத் தகவலின் பெரும்பகுதி குறைக்கப்படுவதால், சருமமும் வானமும் அச்சில் கட்டம் கட்டமாக உடைந்து தெரியக்கூடும்.

பாட்டிலிருந்து தொடங்குங்கள்

உறைக்கான யோசனையைப் பாட்டுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் பாட்டைத் தனித்தனியே கேட்டு, அது யாரைப் பற்றியது, அந்த நபருக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அந்த வாக்கியங்களை ஒப்பிட்டுப் பேசி ஒன்றை முடிவு செய்த பிறகு, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பொருள்களையும், நிறங்களையும், கையால் தொட்டு உணரக்கூடிய பரப்புகளையும் தனியே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால் விளக்குவது எளிது. இரவுப் பேருந்தில் ஏறி ஊரைவிட்டுப் போகும் ஒரு பெண்ணின் பாட்டு என்று கொள்வோம். பொருள்கள்: பயணச்சீட்டு, தோள்பை, ஜன்னல் கம்பி, காலி இருக்கை. நிறங்கள்: தெருவிளக்கின் மஞ்சளும் பேருந்துக்குள் எரியும் குழல்விளக்கின் வெளிர்நீலமும். பரப்புகள்: மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடி, கிழிந்து தைத்த இருக்கை உறை. இந்தப் பட்டியல் காணொளிக்கும் உறைக்கும் விளம்பரச் சுவரொட்டிக்கும் பொதுவான சொத்து. மூன்றிலும் ஒரே பாடகி, ஒரே உலகம் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருவதற்கு இதுவே அடிப்படை.

ஆனால் பொதுவான சொத்து என்பதற்காகக் காணொளியின் கதையை உறையில் திரும்பச் சொல்லத் தேவையில்லை. காணொளிக்குச் சில நிமிடங்கள் இருக்கின்றன. உறைக்கு ஒரு பார்வைதான். பேருந்து, பெண், பை, ஊர், இரவு எல்லாவற்றையும் முன்னட்டையில் அடைக்க நினைத்தால் எதுவும் நிற்காது. மங்கிய ஜன்னல் கண்ணாடியும், அதில் விரலால் துடைத்த கோட்டின் வழியே தெரியும் ஒரு கண்ணும் மட்டும் இருந்தால், மீதியைக் கேட்பவரே பாட்டில் தேடிக்கொள்வார். இசை வகைக்கென்று சில எதிர்பார்ப்புகள் இருப்பதையும் இந்தக் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும். பாப் இசையில் பாடகரின் முகமே பெரும்பாலும் முன்னட்டையை ஆள்கிறது. மின்னணு இசையிலும் மெட்டல் இசையிலும் முகமே இல்லாத ஓவியங்களும் வடிவங்களும் அதிகம். உங்கள் பாட்டு எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த வகையில் இருபது முப்பது உறைகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முகம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, பாடகர் நம்மை நேராகப் பார்க்கிறாரா வேறெங்கோ பார்க்கிறாரா, பெயர் எங்கே நிற்கிறது, எத்தனை நிறங்கள் பயன்படுகின்றன என்று குறித்துக்கொண்டால், எதைப் பின்பற்றுகிறீர்கள், எதை மீறுகிறீர்கள் என்பதைத் தெரிந்தே முடிவெடுக்கலாம். மதிப்பீட்டின்போது எழுத வேண்டிய விளக்கத்துக்கும் இந்தக் குறிப்புகளே பெரிதும் உதவும்.

பெட்டியைக் காகிதத்தில் மடித்துப் பாருங்கள்

மாணவர் பணிகளில் அதிகம் கேட்கப்படுவது டிஜிபேக் என்னும் அட்டை உறை. நான்கு பக்க டிஜிபேக் என்றால் ஒரு புத்தகம் போலத் திறக்கும்: வெளியே முன்னட்டை, பின்னட்டை, உள்ளே இரண்டு பக்கங்கள், அவற்றில் ஒன்றில் தகட்டைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தட்டு. ஆறு பக்க டிஜிபேக்கில் இன்னொரு மடிப்பு கூடுகிறது. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 139 மி.மீ. அகலமும் 125 மி.மீ. உயரமும் இருக்கும்; துல்லியமான அளவு அச்சகத்துக்கு அச்சகம் சிறிது மாறுவதால், அவர்கள் தரும் டெம்ப்ளேட்டை (அளவும் மடிப்பும் குறித்த மாதிரிக் கோப்பை) வாங்கிய பிறகே கணினியில் கோப்பைத் திறக்க வேண்டும். அச்சடிக்கப் போவதில்லை, திரையில் காட்டினால் போதும் என்ற பணியாக இருந்தாலும், உண்மையான டெம்ப்ளேட்டில் செய்வதையே நான் வலியுறுத்துவேன். அளவு உண்மையாக இருக்கும்போதுதான் வடிவமைப்பு முடிவுகளும் உண்மையாகின்றன.

கணினிக்குப் போகும் முன் வெள்ளைத் தாளை அதே அளவில் வெட்டி, மடித்து, ஒரு டம்மி (மாதிரி உறை) செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் என்ன வரப்போகிறது என்று எழுதுங்கள். தாளைத் திறந்து மூடும்போது எதற்குப் பிறகு எது கண்ணில் படுகிறது என்பது அப்போதுதான் புரியும். இரவுப் பேருந்துப் பாட்டுக்கு ஒரு வரிசையைச் சொல்கிறேன். முன்னட்டையில் மங்கிய ஜன்னலும் கண்ணும். திறந்ததும் இடப்பக்கத்தில் பெண் அமர்ந்திருந்த இருக்கை, இப்போது காலியாக. வலப்பக்கத்தில் தகடு, தகட்டின் மேல் பயணச்சீட்டின் அச்சு. தகட்டை எடுத்தால் ஒளி ஊடுருவும் தட்டின் அடியில் இருக்கையின் கிழிந்து தைத்த துணி, மிக அருகில் எடுத்தது. பின்னட்டையில் பேருந்தின் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் தொலைவில் மங்க, அந்த இருட்டின் மேல் பாடல்களின் பட்டியல். இப்படி வரிசைப்படுத்திவிட்டால், எடுக்க வேண்டிய ஒளிப்படங்களின் பட்டியல் தானாகவே கையில் கிடைத்துவிடுகிறது.

டம்மியில் மூன்று இடங்களை மட்டும் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். முதலாவது மடிப்புக் கோடு. இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே படத்தைப் பரப்பும்போது பாடகியின் மூக்கோ கண்ணோ மடிப்பில் விழுந்தால், அட்டை மடிந்து விரியும் இடத்தில் மை உதிர்ந்து முகம் இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டாவது தகட்டின் நடுத்துளை. குறுந்தகட்டின் விட்டம் 120 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ.; துளையைச் சுற்றியுள்ள வளையத்திலும் பல அச்சகங்கள் மை ஏற்றுவதில்லை. ஆகவே தகட்டின் மேல் முகத்தை நட்டநடுவில் வைக்கக் கூடாது. மூன்றாவது முதுகு, அதாவது உறையின் குறுகிய பக்கவாட்டு ஓரம். அலமாரியில் அடுக்கினால் வெளியே தெரிவது அது மட்டுமே என்பதை மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

படப்பிடிப்பில் ஸ்டில்களுக்கென்று நேரம்

இந்தத் திட்டத்தில் அதிகக் கவனம் கேட்பது இந்தப் பகுதிதான். காணொளியை எடுப்பவரே ஸ்டில்களையும் (உறைக்கான ஒளிப்படங்களையும்) எடுத்துவிடுவார் என்று விட்டுவிடாதீர்கள். அவருக்கு அடுத்த ஷாட்டைப் பற்றிய கவலையே போதும். குழுவில் ஒருவரை ஸ்டில் ஒளிப்படக்காரராக நியமித்து, அவர் கையில் டம்மியையும் படப் பட்டியலையும் கொடுங்கள். படப்பிடிப்பு அட்டவணையில் ஒவ்வொரு முக்கியமான லைட்டிங் அமைப்புக்கும் பிறகு பதினைந்து இருபது நிமிடங்களை ஸ்டில்களுக்கென்று எழுதிவைத்து, விளக்குகளைக் கலைப்பதற்கு முன்பே அதைச் செய்து முடியுங்கள். வேறொரு நாளில் அதே உடை, அதே தலைமுடி, அதே ஒளி ஆகியவற்றைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

பாடல் காணொளியில் ஒலி பெரும்பாலும் பதிவுசெய்த பாட்டிலிருந்தே வருவதால், படம் ஓடும்போதே ஸ்டில் எடுத்தாலும் ஷட்டர் சத்தம் யாருக்கும் இடையூறாகாது. கேமராவின் பார்வைக்குள் வராமலும், பாடுபவரின் கண்பார்வைக் கோட்டில் நிற்காமலும் இருந்தால் போதும். ஆனால் அப்படி எடுக்கும் படங்கள் உள்பக்கங்களுக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுமே தவிர, முன்னட்டைக்கு அரிதாகவே பொருந்தும். பாடிக்கொண்டிருக்கும் வாயைக் கவனித்துப் பாருங்கள்: ‘ஆ’ என்று விரியும்போது முகம் திறந்து அழகாகத் தெரிகிறது, ‘உ’ என்று குவியும்போதும் ‘ஈ’ என்று இழுபடும்போதும் நின்ற படத்தில் முகம் விகாரமாகிறது. இரண்டு வரிகளுக்கு இடையே மூச்சு வாங்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து அழுத்துவது நல்லது. முன்னட்டைப் படத்துக்குத் தனியாகப் பாடகியை நிறுத்தி, பாட்டைக் கேட்கச் செய்து, பாடாமல் இருக்கச் சொல்லி எடுங்கள்.

ஒவ்வொரு படத்தையும் எழுத்துக்கு இடம் விட்டு எடுக்க வேண்டும். மாணவர்கள் முகத்தைச் சட்டம் நிறைய எடுத்துவிட்டு, பிறகு பெயரை நெற்றியின் மேல் எழுத வேண்டிய நிலைக்கு வருகிறார்கள். சற்றுப் பின்னால் நகர்ந்து, மேலே மூன்றில் ஒரு பங்காவது அமைதியான பரப்பாக இருக்கும்படி ஒரு படம். ஆளை இடப்புறம் வைத்து ஒன்று. வலப்புறம் வைத்து ஒன்று. நடுவில் வைத்து ஒன்று என்று ஒரே நிலையை நான்கு விதமாக எடுத்து வைத்தால், வடிவமைப்பின்போது தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். டிஜிபேக்கின் பக்கம் முழுச் சதுரம் இல்லை என்பதையும், இணைய இசைத் தளங்களுக்கு முழுச் சதுரம் வேண்டும் என்பதையும், சுவரொட்டி நெட்டுவாக்கில் இருக்கும் என்பதையும் மனதில் வைத்தால், இந்தக் கூடுதல் இடத்தின் அருமை புரியும்.

கேமரா விஷயத்தில் ஆடம்பரம் வேண்டியதில்லை. 24 மெகாபிக்சல் கேமரா தரும் 6000 பிக்சல் அகலம், மூன்று பக்கங்களுக்கும் பரவும் உள்பக்கப் படத்துக்குக்கூடப் போதும். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் 4000 பிக்சல் அகலம் கொண்டது. இரண்டு பக்கங்களுக்குப் பரப்ப ஏறத்தாழ 3440 பிக்சல்தான் வேண்டும் என்பதால் அதுவும் தாராளமாகப் போதும், டிஜிட்டல் ஸூமைத் தொடாமல் இருந்தால். ரா கோப்பாக (கேமரா பதிந்த தகவலைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் கோப்பாக) எடுக்க முடிந்தால் அப்படியே எடுங்கள். நிறத்தையும் வெளிச்சத்தையும் காணொளியின் நிறத்தோடு பிறகு பொருத்துவதற்கு அது பெரிதும் உதவும். வெள்ளைச் சமநிலையை (விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பை) தானியங்கியில் விடாமல், காணொளிக் கேமராவில் வைத்திருக்கும் அதே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) அளவிலேயே வைக்க வேண்டும். லென்ஸில் ஒளி நுழையும் துளையளவை எஃப் 1.8 வரை (எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) திறந்தால் பின்னணி அழகாக மங்கும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் அருகிலிருந்து எடுக்கும் முகத்தில் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கிப்போகும் அபாயம் அங்கே இருக்கிறது. எஃப் 4 முதல் 5.6 வரை வைப்பது பாதுகாப்பானது. குழல்விளக்கு, எல்இடி விளக்கு ஆகியவற்றின் அடியில் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக இருள் விழுந்தால், மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆகவும், 60 ஹெர்ட்ஸாக உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120 ஆகவும் மாற்றுங்கள்.

ஒளிக்கு ஒரு விளக்கும் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பேருந்துக் காட்சியில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து மஞ்சள் நிறத் தாள் ஒட்டிய விளக்கு கன்னத்தில் விழட்டும்; மறுபக்கத்தில் பலகையைப் பிடித்தால் கண்ணின் நிழல் மட்டும் சற்றே தெளியும். கண்ணாடியில் மூச்சுப்பட்ட தோற்றம் சில நொடிகளில் மறைந்துவிடும் என்பதால், வெந்நீர் ஆவியைக் காட்டி மங்கச் செய்து, குவியத்தைக் கண்ணாடியின் மேல் வைத்து ஒரு படமும் கண்ணின் மேல் வைத்து ஒரு படமும் எடுங்கள். இரண்டும் முற்றிலும் வேறு உறைகள் என்பதைத் திரையில் பார்க்கும்போது உணர்வீர்கள். ஆள் இல்லாத படங்களையும் மறக்க வேண்டாம். துணி, கம்பி, சீட்டு, தரை ஆகியவற்றை மிக அருகில், தட்டையான ஒளியில் எடுத்து வைத்தால், அவை உள்பக்கங்களுக்கும் எழுத்தின் பின்னணிக்கும் பயன்படும்.

எழுத்தும் அச்சும்

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது பாடகரின் பெயருக்கு ஒன்று, மற்ற விவரங்களுக்கு ஒன்று என இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காணொளியின் தொடக்கத்தில் பெயர் வந்தால் அங்கும் அதே எழுத்து வர வேண்டும். தமிழில் எழுதும்போது சில தனிக் கவனங்கள் தேவை. மேலே ‘கி’யின் விசிறிக்கும் கீழே ‘கு’வின் சுழிக்கும் இடம் வேண்டியிருப்பதால், வரிகளுக்கு இடையே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். முதுகு போன்ற குறுகிய இடத்தில் இதே காரணத்தால் எழுத்தின் உடல் மிகச் சிறிதாகிவிடும். ஆகவே முதுகில் பெயரை மட்டும் வைத்து, தடித்த எழுத்தைப் பயன்படுத்துங்கள். எழுத்துகளை அகலமாகப் பரப்பினால் கொம்பும் காலும் தம் எழுத்தைவிட்டு விலகிப் படிக்கச் சிரமமாகும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாட்டின் தலைப்புக்கு மட்டும், தடித்த மார்க்கரால் கையால் பலமுறை எழுதி, நன்றாக வந்ததை ஸ்கேன் செய்து பயன்படுத்தினால், எந்த எழுத்துருவும் தராத ஓர் உயிர் வரும் என்பது என் எண்ணம்.

அச்சுக்கான கோப்பு சிஎம்ஒய்கே (வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின்) நிறமுறையில் இருக்க வேண்டும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும் என்பதால், தொடக்கத்திலேயே மாற்றிப் பார்த்துவிடுங்கள். சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மையை மட்டும் பயன்படுத்த வேண்டும். நான்கு மைகளும் சேர்ந்த கறுப்பில் எழுதினால் அச்சு சற்றே விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். இருட்டின் மேல் வெள்ளை எழுத்தென்றால் மெல்லிய கோடுகள் மையில் மூழ்கிவிடும்; அங்கே அளவையும் தடிமனையும் கூட்டுங்கள். இலவச மென்பொருள்தான் கைவசம் என்றால், படத்தை கிம்பில் திருத்தி, பக்கத்தை ஸ்கிரைபஸில் அமைத்து, பிடிஎஃப் ஆக வெளியிடலாம்.

பின்னட்டையில் பாடல் பட்டியல், நேர அளவு, பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், ஒளிப்படம், வடிவமைப்பு ஆகிய விவரங்களோடு உரிமைக் குறிகளும் வரும். வட்டத்துக்குள் ‘சி’ எழுத்து உறையின் படம், எழுத்து ஆகியவற்றின் காப்புரிமையையும், வட்டத்துக்குள் ‘பி’ எழுத்து ஒலிப்பதிவின் உரிமையையும் குறிக்கும். பாட்டு வேறொருவருடையதாக இருந்தால், இயற்றியவரின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. வகுப்புக்குள் காட்டுவதற்குக் கிடைக்கும் சலுகை இணையத்தில் பதிவேற்றுவதற்குப் பொருந்தாமல் போகலாம் என்பதால் இரண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்பது நல்லது. படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வேறொரு பொருளின் பார்கோடை எடுத்து ஒட்டக் கூடாது. அதன் இடத்தில் வெள்ளைக் கட்டத்தை விட்டால் போதும்.

இணையத்துக்கான சதுரப் படத்தை 3000 பிக்சல் அளவில் தனியாக அமைக்க வேண்டும். முன்னட்டையை அப்படியே வெட்டினால் பெயர் ஓரத்தில் நசுங்கும். அமைத்த பிறகு அதைக் கைப்பேசித் திரையில் விரல்நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயர் படிக்க முடியாவிட்டாலும் வடிவம் அடையாளம் தெரிய வேண்டும். சுவரொட்டிக்கு முன்னட்டைப் படத்தையே திரும்ப வைக்காமல், அதே ஒளியில் எடுத்த வேறொரு படத்தை வைத்து, வெளியாகும் நாளையும் கிடைக்கும் இடத்தையும் சேருங்கள்.

கோப்புகளை ஒப்படைக்கும் முன், உண்மை அளவில் சாதாரணத் தாளிலாவது ஒருமுறை அச்சடித்து, வெட்டி, மடித்து, ஒரு பழைய தகட்டை உள்ளே வைத்துப் பாருங்கள். எழுத்துப் பிழைகள் திரையைவிடத் தாளில் விரைவாகக் கண்ணில் படும். பிறகு பாட்டைக் கேட்டிராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, இது எந்த மாதிரிப் பாட்டாக இருக்கும் என்று மட்டும் கேளுங்கள். வேகமான ஆட்டப் பாட்டு என்று அவர் சொன்னால், முதலில் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால், எடுத்து வைத்த அந்த நான்கு விதப் படங்களில் வேறொன்றை முன்னட்டைக்குக் கொண்டுவந்து, மீண்டும் அச்சடித்து இன்னொருவரிடம் காட்டுங்கள்.